பகவதிக்குக் கம்பன் பாடும் மாடம்

வியாழன், கொழிஞ்சாம்பாறை

உக்கடத்தில் பஸ் ஏறி வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் மலையாள எழுத்து வந்துவிடுகிறது. பேச்சு மட்டும் மாறுவதில்லை. பின் சீட்டில் தக்காளி விலை பேசிக்கொண்டு வந்த இரண்டு அக்காக்கள் இறங்கும்வரை பேசியது கொங்குத் தமிழ்தான். சாலையின் இரண்டு பக்கமும் பனை, தென்னை. கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு இந்தச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் இறக்குவதுதான். (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.) கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. மாசி மாத வெயிலுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

இந்தப் பகுதியின் பழைய கணக்கு கொஞ்சம் சிக்கல். சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது. சில மைல் தள்ளி இருக்கும் பாலக்காடு மெட்ராஸ் ராஜதானியின் மலபார் ஜில்லாவில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. அடுத்த ஜனவரி 1-ல் பாலக்காடு மாவட்டம் ஆனது. தோழியின் தாத்தா காலத்தில் நடந்தது இது. அவர்கள் வீடு மாறவில்லை, தோட்டம் மாறவில்லை, பேசும் மொழியும் மாறவில்லை.

தோழி இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தமிழாசிரியை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்தவள். பகவதி (பத்ரகாளி) கோயில்களில் ராமாயணத்தைத் திரையில் நிழலாகக் காட்டும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைப் பற்றி எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். "கோயில் நோட்டீஸ் வந்துருச்சு புள்ள. வெள்ளிக்கிழமை முதல் போரு, சனிக்கிழமை கும்பகர்ணன். லீவப் போட்டுட்டு வா." அவ்வளவுதான், கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அம்மா, "வா கண்ணு, வேகாத வெயில்ல வந்திருக்கற" என்று சொம்பு நிறைய மோர் கொடுத்தார். இரவுக்கு அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய். சாப்பிட்டதும் திண்ணையில் உட்கார்ந்து யுத்த காண்டத்தைப் பிரித்தோம். கும்பகருணன் வதைப் படலம் நீளமானது. அதில் அண்ணன் தம்பி இருவரும் போர்க்களத்தில் சந்திக்கிற பகுதியை மட்டும் அவள் உரக்கப் படிக்க நான் கேட்டேன். "இதப் படிக்காம போனீன்னா பாதிதான் புரியும்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது சனிக்கிழமை ராத்திரி தெரிந்தது.

வெள்ளி, ராமசேரி வழியாக ஒற்றப்பாலம்

காலையில் எலப்புள்ளி பக்கம் ராமசேரியில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். இதைச் சொல்லாமல் தாண்ட மனசில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற இட்லி இது. மண்பானையின் வாயில் நூலால் வலைபோல் கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை வட்டமாக ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள். தட்டையாக, கிட்டத்தட்ட ஊத்தப்பம் அளவுக்கு இருக்கிறது. தேங்காயெண்ணெய் விட்ட பொடியோடு தொட்டுச் சாப்பிட வேண்டும். சட்னியைவிட பொடிதான் அதற்குப் பொருத்தம்.

அங்கிருந்து பாலக்காடு ஜங்ஷன், ரயிலில் ஒற்றப்பாலம். பாரதப்புழை மணலாகக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். இந்த ஆற்றின் இரண்டு கரையிலும்தான் கூத்துமாடம் வைத்த பத்ரகாளி கோயில்கள் அதிகம். பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் என்று மூன்று மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கின்றன. ஷொரனூர் பக்கம் கவளப்பாறை ஆரியங்காவில் 21 இரவுகள் நடக்கும் கூத்து பேர் போனது. நாங்கள் போனது அவ்வளவு பேர் எடுக்காத ஒரு சின்னக் கோயில். ஆலமரம், சின்னக் குளம், தாண்டினால் வயல்.

கூத்துமாடத்தை முதலில் பகலில் பார்த்தோம். பகவதி சன்னதிக்கு நேர் எதிரே, கோயிலைவிட்டுத் தள்ளி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய நீளமான ஓட்டுக் கட்டடம். நீளம் 42 அடி இருக்க வேண்டும் என்பது வழக்கம். பின்பக்கம் சின்ன வாசல், முன்பக்கம் முழுக்கத் திறப்பு. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா கிடக்கிற கட்டடம்தான். ஆனால் கூத்துக்கென்றே ஊர் ஒரு நிரந்தர அரங்கைக் கட்டி, அதைத் தெய்வத்தின் முகத்துக்கு நேராக வைத்திருக்கிறது என்பதை யோசிக்க யோசிக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

நேராக வைத்ததற்குக் கதை உண்டு. கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். ராமனும் ராவணனும் போர் செய்த சமயத்தில் பத்ரகாளி தாரிகாசுரனோடு போரில் இருந்தாளாம். அவனை வதைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது ராவண யுத்தம் முடிந்து போயிருந்தது. பார்க்க முடியவில்லையே என்ற அவளுடைய குறையைத் தீர்க்க, உன் கோயிலிலேயே வருஷா வருஷம் நிழலாக அதைக் காட்டச் செய்கிறேன் என்று சிவன் சொன்னாராம். அதனால் கூத்து நடப்பது அவளுக்காக. மனுஷர் வந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நடக்கும். 7, 14, 21 என்று இரவுகள் கணக்கு. 41 இரவும் 71 இரவும் நடக்கிற இடங்கள்கூட உண்டு. பெரியவர் மலையாளத்தில் சொன்னார். தோழி கேட்ட கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொன்னார். எந்த இடத்தில் மாறினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ராத்திரி செண்டமேளம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. பலூன்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கூத்து தொடங்குவதை அறிவிக்கும் கேளி கொட்டி, அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடு வந்து ஆசி கொடுத்து, சன்னதி விளக்கிலிருந்து தீ எடுத்து மாடத்துக்குக் கொண்டுபோனார்கள். திரைக்குப் பின்னால் நீளமான பலகை. அதில் வரிசையாக 21 தேங்காய்மூடி. ஒவ்வொன்றிலும் எண்ணெய், திரி. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போக, வெள்ளைத் துணி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மஞ்சளானது. திரையை ஆயப்புடவை என்கிறார்கள். மேல்பாதி வெள்ளை, கீழே கறுப்பு. காற்று அடிக்கும்போதெல்லாம் 21 சுடரும் சேர்ந்து சாய, திரையில் இருந்த பிள்ளையார் மூச்சு விடுவது போல அசைந்தார்.

சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருவிழாவில் நான் பார்த்தது வேறு மாதிரி. ஆட்டுத்தோலில் சிவப்பும் பச்சையும் தீட்டிய, ஒளி ஊடுருவுகிற பாவைகள். ஆட்டியவர்கள் வீட்டில் மராத்தி பேசும் குடும்பத்தினர். இங்கே பாவை முழுக்கக் கறுப்பு நிழல். தோலில் பொத்தலிட்ட துளைகள் வழியாக மட்டும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வருகிறது. கிரீடம், மாலை, வேட்டி மடிப்பு எல்லாமே அந்தப் புள்ளிகள்தான். முன்பெல்லாம் மான்தோலில் செய்திருக்கிறார்கள். வண்ணம் இல்லாதது முதலில் குறையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு வண்ணம் இருந்தால்தான் இடைஞ்சல் என்று பட்டது.

ஆரம்பத்தில் பட்டர் பாவைகள் வருகின்றன. குடுமி வைத்த பட்டர்கள் திரையில் நின்று இறைவணக்கம் சொல்லி, வழிபாட்டுக்குப் பணம் கட்டியவர்களின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி வாழ்த்துகிறார்கள். தோழி சாயந்திரமே அம்மா பேருக்கு ஒரு சீட்டு வாங்கியிருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் பெயரும் "கொழிஞ்சாம்பாறை" என்ற ஊர்ப் பெயரும் பாட்டோடு சேர்ந்து வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நோய் நீங்கி, நெல் விளைந்து, பிள்ளை குட்டிகளோடு நீடு வாழ வேண்டும் என்று நீளமாக வாழ்த்து. நாலைந்து பேர்தான் எதிரே இருந்தோம். அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் நிதானமாக, ஒரு பெயரையும் விடாமல் வாழ்த்தினார்கள்.

அப்புறம் கம்பன்.

உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தின் பாட்டு கம்பராமாயணம். சின்னத்தம்பி வாத்தியார் என்பவர் இதைக் கூத்துக்காகத் தொகுத்தார் என்பது புலவர் குடும்பங்களின் வழக்கு. சேர்த்துக்கொண்ட வேறு பாட்டுகளும் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பகுதி கம்பன் விருத்தம். பாட்டு தமிழில், விளக்கம் தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த நடையில். ஆட்டுகிறவரை ஆட்டக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. புலவர் என்பதுதான் பட்டம். அந்தப் பட்டத்துக்கு உரியவர்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை முதல் போர். எழுபறை முழங்க, இலத்தாளம் அடிக்க, அம்புகள் திரையில் இப்படியும் அப்படியும் பறந்தன. போர்ப் பாவைக்குத் தனி உடம்பு, நிற்கும் பாவைக்குத் தனி உடம்பு, உட்கார்ந்திருக்கும் பாவைக்குத் தனி. ராமனுக்கே இப்படிப் பல பாவைகள். ராவணன் தேர் இழந்து, வில் இழந்து, மகுடம் இழந்து நின்றான். "இன்று போய் நாளை வா" என்று ராமன் சொல்கிற கட்டம். அதுவரைக்கும் அடித்துக்கொண்டிருந்த பறை அங்கே நின்றுவிட்டது. ராவணன் திரும்பிப் போகிறான். களத்தில் அவன் எதையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கைக்குள் போனான் என்று கம்பன் அடுக்குகிற பாட்டை ஒரு குரல் இழுத்துப் பாடியது. யானையோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதருக்கு இணையாகப் பாடிய நாக்கு, சிவன் கொடுத்த வாள், கடைசியில் வீரம். பாடியவரின் ழகரம் அவ்வளவு சுத்தம். ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, இந்தத் தோள் எந்த மலையைத் தூக்கியது, ஏன் தூக்கியது, தூக்கியபோது என்ன பாடினான் என்று புலவர்கள் பேசப் பேச, திரையில் ராவணன் அசையாமல் நின்றான்.

அந்தப் பாட்டு முடியவே வெகு நேரம் ஆனது. இரவு மூன்று மணிக்குக் கோயில் ஆள் ஒருவர் எங்களுக்குச் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவில்லை.

சனி, ஒற்றப்பாலம்

காலை லாட்ஜில் நன்றாகத் தூங்கினோம். இன்று நடுராத்திரியே ஊர் திரும்புவதாகத்தான் என் ஏற்பாடு. கும்பகர்ணனைப் பாதியில் விட்டுப் போக மனம் வரவில்லை. ஆபீசுக்கு ஒரு மெசேஜ் போட்டாயிற்று.

சாயந்திரம் சீக்கிரமே கோயிலுக்குப் போனோம். மூத்த புலவர் மாடத்தின் பின்வாசலில் பாவைகளை அன்றைய வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். மாடத்துக்குள் பெண்கள் ஏறுகிற வழக்கம் இல்லை. நாங்களும் ஏறவில்லை, வாசலில் நின்றே கேட்டோம். (மாடத்துக்கு வெளியே, மேடைகளில், பெண்களே நடத்துகிற குழுவும் இப்போது வந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து தோழிக்கு ஒரே உற்சாகம்.) முழுக் கதைக்கு ஏறக்குறைய 160 பாவைகள் வேண்டும். கும்பகர்ணன் பாவையை அவர் எடுத்துக் காட்டினார். மற்றவற்றைவிடப் பெரியது. தோல் பழுப்பேறி, ஓரம் எண்ணெய்ப் புகையில் கறுத்திருந்தது. தோள் வளையில் இருக்கும் துளைகள் வட்டம், மார்புப் பதக்கத்தில் இருப்பவை அரிசி வடிவம். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி உளி. ஒரு கை மட்டும் தோள்மூட்டில் அசையும். அதில் ஒரு குச்சி. பாவை திரையில் நிற்க வேண்டிய நேரம் நீண்டால் முள்ளால் துணியில் குத்தி நிறுத்திவிடுவார்களாம்.

பாட்டு எப்படி மனப்பாடம் ஆனது என்று தோழி கேட்டாள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வந்தது என்றார். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். கம்பன் பாட்டு முழுக்க மலையாள எழுத்தில் எழுதியிருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆனால் எந்தப் பாட்டின் முதல் சொல்லைச் சொன்னாலும் மீதியைப் பாடுகிறார். தோழி சோதிக்கிற எண்ணத்தில் கேட்கவில்லை. ஆசையில் ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே போனாள். அவரும் சலிக்காமல் பாடினார்.

கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஷொரனூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000). அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரங்குகளிலும் பள்ளிகளிலும் வெளிநாடுகளிலும் இப்போது ஒரு மணி நேரக் கூத்து நடக்கிறது. அதனால்தான் இந்தக் குடும்பங்களால் தொழிலை விடாமல் இருக்க முடிகிறது, அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கும் இதன் பேர் தெரிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு மணி நேரத்தில் போர் இருக்கும், அனுமார் இருப்பார், பேச்சு இருக்காது. இந்தக் கூத்தின் உயிர் பேச்சில் இருக்கிறது. இன்று ராத்திரிக்குப் பிறகு அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

கும்பகர்ணனை எழுப்புகிற கட்டத்தில் குழந்தைகள்கூட இருந்தார்கள். சங்கு ஊதி, பறை அடித்து, சேங்கிலை தட்டி, இருந்த வாத்தியம் எல்லாவற்றையும் முழக்கினார்கள். படுத்திருக்கும் பாவை அசையவில்லை. பிள்ளைகள் கைதட்டிக் கத்தினார்கள். அவன் எழுந்ததும் அப்பா அம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். இருந்தது நாங்களும், நேற்றுப் பார்த்த பெரியவரும், பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவரும்தான்.

திரையில் இடதுபக்கம் கும்பகர்ணன், வலதுபக்கம் விபீடணன். இரண்டு பாவையையும் முள் குத்தி நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் திரையில் எதுவும் அசையவில்லை. சுடர் சாயும்போது நிழல் சாய்ந்தது, அவ்வளவுதான். நடந்ததெல்லாம் குரலில்.

விபீடணன் ஏற்கெனவே ராமனிடம் போய்விட்டவன். அண்ணனையும் அழைத்துப் போக வந்திருக்கிறான். கும்பகர்ணனோ, தம்பி மனம் மாறித் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்துப் பதறுகிறான். நீயாவது பிழைத்தாய் என்று இருந்தேனே, ஏன் வந்தாய், நாங்கள் எல்லாரும் செத்தபிறகு எள்ளும் தண்ணீரும் இறைக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான். மூத்த புலவர்தான் கும்பகர்ணன். அந்த இடத்தில் அவர் குரலை உயர்த்தவில்லை; தாழ்த்தினார். விபீடணனாகப் பேசியவர் இளைஞர். எனக்கு ராமன் தந்த இலங்கையையும் அரசையும் உனக்கே தருகிறேன், வா என்று கெஞ்சுகிறார். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் சேர்ந்து ஒரு நீண்ட ஓங்காரம் பிடிக்கிறார்கள். அது அடங்கியதும் மறுமொழி தொடங்குகிறது.

அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது. திண்ணையில் தோழி படித்த பாட்டு. நீர்மேல் இட்ட கோலம் போன்ற வாழ்வை விரும்பி, இத்தனை நாள் வளர்த்து, போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று கும்பகர்ணன் சொல்லும் பாட்டு. பள்ளியில் படித்திருக்கிறேன். பொருள் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

புலவர் அதை ஒரு முறை முழுக்கப் பாடினார். அப்புறம் முதல் அடியை மட்டும் எடுத்தார். தண்ணீரில் கோலம் போடலாமா? விரல் போன வழியைத் தண்ணீர் அடுத்த கணமே மூடிவிடும். கோலம் போட்டவளுக்கு மட்டும் அது தெரியும். அரசு, அரண்மனை, சோறு எல்லாம் அப்படித்தான் என்று கும்பகர்ணனுக்குத் தெரிகிறது. இங்கே விபீடணன் குறுக்கிட்டான். "தெரிஞ்ச அண்ணன் எதுக்கு அதர்மத்தின் பக்கம் நின்னு சாகணும்?" தெரிந்தவனுக்குக் கடன் இல்லையா என்று பதில். சோறு போட்டவன் தப்பு செய்தால் சோறு திரும்பிப் போகுமா என்று எதிர்க்கேள்வி. கர்ணன் வந்தான், மாரீசன் வந்தான், செஞ்சோற்றுக்கடன் வந்தது. நீ போனது உனக்குச் சரி, நான் வந்தால் அது எனக்குப் பழி என்றான் கும்பகர்ணன். அப்படியென்றால் தர்மம் ஆளுக்கு ஆள் மாறுமா என்று கேட்டான் விபீடணன்.

அந்தக் கேள்விக்குப் பதில் உடனே வரவில்லை. திரைக்குப் பின்னால் யாரோ திரியைத் தூண்டினார்கள். கும்பகர்ணனின் மார்புப் பதக்கம் பளிச்சென்றது. பிறகு மூத்தவர், "நீ தம்பி. நான் அண்ணன்" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

தோழி போன் வெளிச்சத்தில் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தவள், எழுதுவதை நிறுத்திவிட்டு அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. நடிகர் இல்லை, முகபாவம் இல்லை, அசைவுகூட இல்லை. ஒரு பாட்டும் அதைச் சுற்றிய வாதமும் மட்டுமே. கேட்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்று பார்க்காமல், இந்த வாதத்தைத் தலைமுறைகளாக ஒவ்வொரு வருஷமும் மறுபடி முதலிலிருந்து நடத்திக்கொண்டிருக்கிறார்கள் இந்த மனிதர்கள். பாட்டு தமிழ். எதிரே உட்கார்ந்து அதை முழுக்கப் பிடித்துக்கொள்ளக்கூடியவர்கள் நாம். கோயம்புத்தூரிலிருந்து சில மணி நேரத்தில் வந்துவிடலாம், ஆனாலும் வருவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கும்பகர்ணன் விழுந்தான். மூக்கறுபட்ட முகத்தை யாரும் பார்க்க வேண்டாம், என் கழுத்தை அறுத்துத் தலையைக் கடலில் போடு என்று ராமனிடம் கேட்கிற இடம். தம்பியை உன்னிடம் ஒப்படைக்கிறேன், அவனைக் காப்பாற்று என்றும் கேட்கிறான். அந்த வரியை மூத்தவர் இரண்டு முறை பாடினார். தலையை மட்டும் தனியே ஒரு பாவையாகக் கொண்டுவந்து, மெதுவாக இறக்கி இறக்கி, வெள்ளைத் துணியைத் தாண்டி, கீழே இருந்த கறுப்புக்குள் அனுப்பினார்கள். அந்தக் கறுப்பு எதற்கென்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிறு, திரும்பும் வழி

விளக்கணைத்துப் பாவைகளைக் கட்டி முடித்ததும் புலவர் வெளியே வந்தார். கட்டஞ்சாயா குடித்துக்கொண்டே பேசினோம். ராத்திரி முழுக்கப் பாடியவர் குரலில் களைப்பே இல்லை. தோழி நோட்டை விரித்து, தர்மம் ஆளுக்கு ஆள் மாறுமா என்ற கேள்வி எந்த உரையில் இருக்கிறது என்று கேட்டாள். அப்பாவும் கேட்டிருக்கிறார், அப்பாவுடைய குருவும் கேட்டிருக்கிறார் என்றார். பதில் மட்டும் ஒவ்வொருவரும் வேறு சொல்வார்களாம்.

"உங்க அப்பா என்ன சொன்னாருங்க?" என்றாள்.

"அவரு இதுக்கு முக்கால் மணி நேரம் சொல்வாரு" என்று சிரித்தார். "அடுத்த வருஷம் வரூ, சொல்லித் தரேன்."

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் பாட்டைப் படிக்கவைத்துக் கூட்டி வாருங்கள் என்றார். கும்பகர்ணன் இரவு வேண்டுமா, இந்திரஜித்து இரவு வேண்டுமா என்று முன்கூட்டிச் சொன்னால் கோயில்காரர்களிடம் பேசி, உட்கார இடமும் பாயும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி தொடங்கி மே வரை இந்தப் பக்கத்துப் பகவதி கோயில்களில் மாற்றி மாற்றி நடக்கும். கட்டணம் இல்லை. ஒற்றப்பாலம் அல்லது ஷொரனூரில் தங்கினால் வசதி. ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் எந்தக் கோயிலில் எந்த இரவு என்று சொல்வார்கள். முன்கூட்டியே அன்றைய கதை எது என்று விசாரித்துக்கொண்டு, அந்தப் படலத்தை யுத்த காண்டத்தில் ஒரு முறையாவது படித்துவிட்டுப் போங்கள். ஒரு போர்வை, ஒரு பாய். திரைக்குப் பக்கமாக உட்காருங்கள். ஒலிபெருக்கியில் பாட்டு வார்த்தை கொஞ்சம் கரகரக்கும். பக்கத்தில் இருந்தால் நேராகவே கேட்கும்.

ரயிலில் ஏறியதுமே தோழி தலைமையாசிரியருக்குப் போன் செய்துவிட்டாள். வண்டிக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் பேச்சு முட்டி நின்றது. பாலக்காடு வருவதற்குள் பழைய மாணவர்கள் இரண்டு பேர் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். இந்திரஜித்து இரவு வேண்டாம், கும்பகர்ணன் இரவுதான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். பத்தாம் வகுப்புக்கு நாளையிலிருந்தே அந்தப் படலம்.